தாத்தா 1936இல் கட்டிய கடையை இடிக்கக் கூடாது என்கிறார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?

கரும்புக்கரை எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நாட்டால் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. விவகாரம் இன்னும் முடியாததால் ஊர்ப் பெயர் வேண்டாம்.

தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த குடும்பத்துப் பிள்ளை. காய்கறி விற்றுச் சேர்த்த காசில் 1936இல் ஒரு கடை கட்டினார். கீழே கடை, மேலே இரண்டு அறை, தெருவைப் பார்த்து இரும்புத் தூண் வைத்த தாழ்வாரம். முகப்பின் உச்சியில் சிமெண்டில் வருடம், அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாமரை. பின்னால் முற்றம். முற்றத்தைத் தாண்டினால் மரமும் தகரமும் வைத்துக் கட்டிய நீள வீடு, அதன் கோடியில் செங்கல் சமையலறை. அப்பாவும் அவர் கூடப் பிறந்தவர்களும் வளர்ந்தது அந்தத் தகர வீட்டில்தான்.

தாத்தா போன பிறகு சொத்து ஐந்து பேருக்குப் பொது. பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பா, அத்தை. கடையை வாடகைக்கு எடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்துவிட்டார்கள். கூரை ஒழுகுகிறது. ரேட்ஸ் (சொத்து வரி) மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. பின்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் கடையை இடித்துவிட்டு நான்கு மாடி கட்டலாம் என்று எல்லோரும் பேசி முடித்தோம்.

பிளான் கொடுக்கப் போன அலுவலகத்தில் சின்னச் சித்தப்பா நேராகவே கேட்டார்: "பழைய கட்டடம், இடிக்க வேறு ஏதாவது அனுமதி வேண்டுமா?" கவுண்டரில் இருந்தவர் "உங்கள் சொந்த இடம்தானே, பிளான் பாஸ் ஆனால் போதும்" என்று சொல்லிக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். அந்த ரசீது இன்னும் எங்களிடம் இருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கூரைத் தகடுகளைக் கழற்றத் தொடங்கினோம். நான்காம் நாள் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம், ஹெரிடேஜ் (மரபுப் பாதுகாப்பு) அனுமதி இல்லாமல் கை வைத்தது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது.

பெரியப்பாவுக்கு வயது 81. கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது: "அன்றைக்கு வீட்டை விட்டுப் போ என்று காகிதம் கொடுத்தான். இன்றைக்கு வீட்டைத் தொடாதே என்று காகிதம் கொடுக்கிறான்."

வழக்குப் போடலாமா? போட்டால் நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செங்கல் எழுதியது:

முதல் காரியமாகக் கூரை மேல் தார்ப்பாய் போடுங்கள். மழையில் மேல்தளம் நனைந்து உட்கார்ந்துவிட்டால், வேண்டுமென்றே அழியவிட்டார்கள் என்று உங்கள் பேரில்தான் எழுதுவார்கள். போடுவதற்கு முன்னால் கடிதம் அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய தகடுகளை விற்றுவிட வேண்டாம். எண் எழுதி அடுக்கி வையுங்கள்.

இருபத்தாறு வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். இந்தச் சிக்கலில் மாட்டிய மூன்று வீடுகளை நேரில் பார்த்தாயிற்று. மூன்றிலுமே தவறு ஒன்றுதான். பிளான் அனுமதி வேறு, ஹெரிடேஜ் அனுமதி வேறு என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

---

வழக்குக்கட்டு எழுதியது:

தம்பி, நான் டர்பனில் சொத்து வழக்குகள் நடத்துகிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் காகிதங்களை ஒரு வழக்குரைஞர் நேரில் பார்க்க வேண்டும்.

1999ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டம், எண் 25. அதன் 34ஆவது பிரிவு மாகாண மரபு அமைப்பின் பெர்மிட் இல்லாமல் 60 ஆண்டு கடந்த எந்தக் கட்டமைப்பையும் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. நம் குவாசூலு-நாட்டாலில் அந்த அமைப்பு அமாஃபா. 2018இல் மாகாணம் தனியாக நிறைவேற்றிய சட்டத்திலும் இதே 60 ஆண்டு விதி இருக்கிறது.

மூன்று இடத்தில் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள்.

"எங்கள் கடையை யாரும் நினைவுச் சின்னமாக அறிவிக்கவில்லையே" என்பார்கள். அறிவிக்கவே வேண்டாம். 60 ஆண்டு ஆனதும் பாதுகாப்பு தானாக வந்துவிடும். சட்டம் அமலுக்கு வந்த 2000இல் அது 1940க்கு முந்தைய கட்டடங்களைக் குறித்தது. 2025இல் 1965க்கு முந்தையவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஒவ்வொரு வருடமும் கோடு ஒரு வருடம் முன்னால் நகர்கிறது.

"நாங்கள் இடிக்கவில்லை, கொஞ்சம் மாற்றினோம்" என்பார்கள். மாற்றுவது என்பதற்குச் சட்டம் தரும் பொருள் மிகவும் அகலமானது. வண்ணம் அடிப்பதும் பூசுவதும்கூட அதில் வரும். கட்டமைப்பு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல, கட்டடத்தோடு பொருத்திய சாமான்களும் சேர்த்திதான். உங்கள் கடையில் தரையோடு பிணைத்த பழைய மர மேசை இருந்தால் அதையும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம்.

மூன்றாவது, கவுண்டரில் சொன்ன வார்த்தை. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் ஒளிந்து செய்யவில்லை என்று காட்ட உதவும், தண்டனைப் பேச்சு வரும்போது பயன்படும். ஆனால் ஓர் அலுவலர் தவறாகச் சொன்னதால் சட்டம் உங்களுக்கு மட்டும் விலகிக்கொள்ளாது. உள்ளூர் நிர்வாகத்துக்கு இல்லாத அதிகாரத்தை அதன் ஊழியர் வாயால் கொடுத்துவிட முடியாது.

வழக்குக்கு இப்போது அவசரமே இல்லை. நீங்கள் இன்னும் பெர்மிட்டே கேட்கவில்லை. கேட்காத ஒன்றை மறுத்துவிட்டார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. முதலில் விண்ணப்பம், மறுத்தால் மேல்முறையீடு, அதிலும் தோற்றால்தான் நிர்வாக நீதிச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம். அதற்கு 180 நாள்தான் வெளி எல்லை. மேல்முறையீட்டுக் கெடு இன்னும் குறுகியது, முடிவுக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படியே இடித்துத் தள்ளிவிட்டு அபராதம் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தை உரிமையாளர் அழித்துத் தண்டனை பெற்றால், அந்த மனையில் 10 ஆண்டு வரை எதுவும் கட்டக் கூடாது என்று உத்தரவிடத் தேசியச் சட்டத்தில் வழி இருக்கிறது. வெறும் மனைக்குப் பத்து வருடம் ரேட்ஸ் கட்ட வேண்டி வரும்.

---

கேப் தமிழன் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு இரண்டு தீர்ப்புகளையும் சேர்க்கிறேன், இரண்டும் எங்கள் பக்கத்தவை.

2007இல் மோசல் பே வழக்கு. பழைய வீட்டை இடிக்க பெர்மிட் கொடுத்தார்கள், ஆனால் அதே இடத்தில் என்ன கட்டப் போகிறீர்கள் என்பதற்கும் நிபந்தனை போட்டார்கள். "இடிப்பதற்குத்தானே அனுமதி கேட்டோம், கட்டப் போவதில் உங்களுக்கு என்ன வேலை" என்பது உரிமையாளரின் வாதம். ப்ளூம்ஃபாண்டெயினில் இருக்கும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

2016இல் மறுபடி அதே கேள்வி, கேப் டவுனில் ஃப்ரேடஹூக் பகுதியின் டேவன்போர்ட் சாலைக் கட்டடம் ஒன்றை முன்னிட்டு. இந்த முறை உரிமையாளர் அரசியலமைப்பையே கையில் எடுத்தார். 25ஆவது பிரிவு சொத்தைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது, இந்த நிபந்தனை அப்படிப்பட்ட பறிப்பு என்று வாதாடினார். நீதிமன்றம் அதுவும் இல்லை என்றுவிட்டது. கட்டடம் தனியாக நிற்பதில்லை, அது நிற்கும் தெருவுக்கும் ஒரு மரபு உண்டு, அதைக் காக்க நிபந்தனை போடலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆகவே "சொந்தச் சொத்து" என்ற ஒரே வாதத்தை வைத்துக்கொண்டு போனால் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

---

உம்கும்பான் எழுதியது:

பிள்ளைகளே, சட்டம் எல்லாம் சரி. கரும்புக்கரையின் பெரியப்பா சொன்ன வார்த்தையைக் கடந்து போய்விடாதீர்கள்.

நான் டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவன். 1958இல் இனஒதுக்கல் ஆட்சி அந்த இடத்தை வெள்ளையருக்கென்று அறிவித்தது. அப்பா கட்டிய வீடு எங்கள் கண் முன்னால் போனது. மாமரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வயது இருபது. அதில் மரபு இருக்கிறதா என்று பார்க்க யாரும் அளவுநாடா எடுத்துக்கொண்டு வரவில்லை. நிலத்தைத் திரும்பக் கேட்க 1994இல் சட்டம் வந்தது, 1998 டிசம்பர் கடைசியோடு மனுக் கெடு முடிந்தது. எங்களுக்கு நிலம் வரவில்லை, கொஞ்சம் பணம் வந்தது. அதை ஐந்து பிள்ளைகள் பிரித்துக்கொண்டோம்.

அதனால் ஓர் அலுவலர் வந்து "உன் வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது" என்று சொல்லும்போது நம் வயதுக்காரர்களுக்கு வயிறு எரியும். சட்டத்தின் நியாயத்தை எடுத்துச் சொல்லி அந்த எரிச்சலை அணைக்க முடியாது.

---

மரிட்ஸ்பர்க் மங்கை எழுதியது:

தாத்தா, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. எங்கள் அம்மா வீடும் அப்படிப் போனதுதான். ஆனால் அதே காரணத்தால்தான் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

கேட்டோ மேனரில் என்ன மிஞ்சியது? கோயில்கள். வீடுகள் போன பிறகும் சனங்கள் தங்களைக் குடியேற்றிய சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்து வந்து கும்பிட்டார்கள். அம்பலவாணர் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பினார்கள், 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, இப்போதிருக்கும் இடத்தில் 1947இல் மறுபடி கட்டினார்கள். 1980இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நம்மை ஒதுக்கி வைத்த அதே ஆட்சிக் காலத்தில் கிடைத்த காகிதம்தான். ஆனாலும் இன்றைக்கு யாரும் அதன் மேல் கை வைக்க முடியாது என்றால் அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

நம் ஆட்கள் கட்டிய கடைகள் இந்த மாகாணத்தில் எத்தனை மிச்சம் இருக்கின்றன? தாமரை வைத்த முகப்பு ஒன்றை நான் இங்கே மேல் சர்ச் தெருவில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் பளபளவென்று ஒரு ஃபர்னிச்சர் கடை. எந்த அலுவலரும் தடுக்கவில்லை, நாமே விற்றோம், நாமே இடித்தோம். தம்பி, கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள்.

---

கரும்புக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது இதுதான்: "சரி, காப்பாற்றலாம். காசு யார் கொடுப்பது?"

கூரை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பார்த்தோம். அத்தையின் பென்ஷனில் அது முடியாது. எங்களைத் தடுப்பவர்கள் ஒரு தகடாவது வாங்கித் தருவார்களா?

---

வழக்குக்கட்டு எழுதியது:

இந்தச் சட்டத்தில் எனக்குள்ள பெரிய குறையே அதுதான். உரிமையாளரோடு மரபு ஒப்பந்தம் செய்துகொள்ள 42ஆவது பிரிவு இருக்கிறது. நிதி ஊக்கம் தர 43ஆவது பிரிவு இருக்கிறது. என் கட்சிக்காரர் ஒருவருக்கும் அதிலிருந்து பணம் வந்து நான் பார்த்ததில்லை. தடுக்கும் பிரிவுகள் தினமும் வேலை செய்கின்றன.

இன்னொரு பக்கம், கட்டடம் பாழாய்க் கிடந்தால் உள்ளூர் நிர்வாகம் விடாது. டர்பனில் பிரச்சினைக் கட்டடங்களுக்கென்றே 2015இல் ஒரு விதி வந்தது. கண்ணாடி உடைந்து, ஆட்கள் புகுந்து, குப்பை சேர்ந்தால் சரி செய் என்று உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். ஓர் அலுவலகம் இடிக்காதே என்கிறது, இன்னொன்று இப்படியே விடாதே என்கிறது. நடுவில் நிற்பவர் கையில் பணம் இல்லை. சில பேர் கட்டடம் தானாக விழட்டும் என்று காத்திருப்பதற்கு இதுதான் காரணம். அதை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் அங்கே அவர்களைத் தள்ளுவது எது என்று எனக்குத் தெரியும்.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து ரேட்ஸ் சட்டப்படி வரி சந்தை மதிப்பின் பேரில்தான் போடப்படுகிறது. நான்கு மாடி எழும்பக்கூடிய மனை என்று மதிப்புப் போட்டிருப்பார்கள். அங்கே நான்கு மாடி கட்ட முடியாது என்றால் வாங்குபவர் அந்த விலை கொடுக்க மாட்டார். அடுத்த மதிப்புப் பட்டியல் வெளியாகும்போது கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுங்கள், பெர்மிட் நிபந்தனையை அதோடு இணையுங்கள். உங்கள் கவுன்சிலின் ரேட்ஸ் கொள்கையில் மரபுக் கட்டடத்துக்குத் தள்ளுபடி உண்டா என்றும் பாருங்கள். தள்ளுபடி கொடுக்கச் சட்டம் அவர்களை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை.

---

ஜோபர்க் புதியவன் எழுதியது:

நான் ஊரில் சென்னைக்காரன், இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று ஒன்று, 1897இல் கட்டியது. எல்ஐசிக்குச் சொந்தம். 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாதுகாப்பு ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், 2010இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு நான் அந்த வழியாகப் போன போதெல்லாம் பாதி உடைந்த கோபுரமும் சுவரில் முளைத்த அரசமரமும்தான் தெரிந்தன. வழக்கில் ஜெயித்த கட்டடத்தைச் செப்பனிட ஆள் இல்லை.

கரும்புக்கரை அண்ணா, உங்கள் கடைக்கு அந்தக் கதி வரக் கூடாது.

---

உம்கும்பான் எழுதியது:

மங்கை, நீ சொன்ன காகிதத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதம் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. டர்பன் வார்விக்கில் இருக்கும் விடியற்காலைச் சந்தையை நினைத்துப் பார். 1910இலிருந்து நம் தோட்டக்காரர்கள் கீரையும் மிளகாயும் கொண்டு வந்து விற்ற சந்தை. கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், 2009இல், அதை எடுத்துவிட்டு மால் கட்டப் போகிறோம் என்றது டர்பன் மாநகரமே. தமிழ்க் கிழவிகளும் ஜூலுப் பெண்களும் சேர்ந்து நின்றார்கள், நீதிமன்றம் வரை போனது. 2011இல் மாநகர மன்றம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

அங்கே பழசைக் காப்பாற்றியது ஏழை வியாபாரிகள், இடிக்க வந்தது நிர்வாகம். இங்கே நிர்வாகம் காப்பாற்ற வருகிறது, இடிக்க நினைப்பது குடும்பம். ஒரே சட்டம்தான். நாளைக்கு நிர்வாகத்துக்கே அந்த மனை வேண்டும் என்றால் என்ன சொல்வார்கள் என்றுதான் என் போன்றவனுக்குப் பயம்.

---

மரிட்ஸ்பர்க் மங்கை எழுதியது:

சந்தையை நிறுத்தி வைத்தது சனங்கள்தான் தாத்தா, அதில் மறுபேச்சே இல்லை. அங்கே என் சித்தி மிளகாய் விற்றவள்.

---

கரும்புக்கரை எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் சொன்னபடி நடந்தது முதலில்: தார்ப்பாய் போட்டோம், ஐந்து பேரும் கையெழுத்திட்டு விண்ணப்பம் தயாரித்தோம். ஒரு கட்டடக் கலைஞரை வைத்து அறிக்கை எழுதினோம். நேற்று வரைவு வந்தது. படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

முன்பக்கக் கடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். இரும்புத் தூண், தாமரை, அச்சடித்த தகர உள்கூரை, எல்லாவற்றுக்கும் படம் போட்டிருக்கிறார். காக்கத் தக்கது என்கிறார். பின்பக்கத்துக்கு ஒரே வரி: "பின்னுள்ள துணைக் கட்டடம், முக்கியத்துவம் இல்லை, இடிக்கலாம்."

எங்கள் வீட்டில் நிலைமை நேர் எதிர். முன்பக்கம் எங்களுக்கு வெறும் கடை. 1980களிலேயே வாடகைக்கு விட்டாயிற்று. அந்தப் பின்பக்கச் சமையலறைச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது, ஒரு முழம் உயரம் கூட இராது. ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, தினமும் விளக்கு வைத்த இடம். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் மேலே கரி திரும்பித் திரும்பித் தெரியும். மாடத்தின் விளிம்பில் எண்ணெய் இறங்கிய செங்கல் கறுத்து, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. பக்கத்தில் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைத் தாத்தா பேனாக்கத்தியால் கீறி வைத்திருக்கிறார். ஐந்து பேருக்கும் கோடு உண்டு. அத்தையின் கோடு மட்டும் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த வயதில் அவளைப் படிப்பை நிறுத்தி, சமையலுக்கு உதவியாக வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளை நிலையோடு நிறுத்தி அளக்கவில்லை.

உனக்குத் தேவையில்லாததை வைத்துக்கொள், தேவையானதை இடித்துக்கொள் என்கிறது இந்த அறிக்கை. நான் என்ன செய்வது?

---

செங்கல் எழுதியது:

வரைவுதானே தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கலைஞர் சமையலறைக்குள் நுழைந்தாரா என்று முதலில் கேளுங்கள். நுழைந்திருக்க மாட்டார். தெருவிலிருந்து பார்க்கும்போது தெரிவதைத்தான் இவர்கள் அளப்பார்கள்.

---

வழக்குக்கட்டு எழுதியது:

தம்பி, இதை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. மரபு மதிப்பு என்றால் அழகு மட்டும் இல்லை என்று சட்டத்தின் 3ஆவது பிரிவே சொல்கிறது. ஒரு சமூகத்தோடு, பண்பாட்டோடு, ஆன்மிகத்தோடு இருக்கும் வலுவான பிணைப்பும் ஓர் அளவுகோல். அடிமைத்தன வரலாற்றோடு தொடர்புள்ள இடங்களையும் தனியாகக் குறிப்பிடுகிறது. ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் கட்டிய மர-தகர வீடு இந்த மாகாணத்தில் அரிதாகிவிட்டது. டர்பனில் நம் ஆட்கள் குடியிருந்த மேகஸின் பேரக்ஸ் போய்விட்டது, கிளேர்வுட்டில் பெரும்பகுதி தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

இப்போது கேட்க வேண்டியதை மாற்றுங்கள். முழுக் கடையையும் இடிக்கப் பெர்மிட் வேண்டும் என்று கேட்டால் மறுப்பார்கள். முகப்பையும் தாழ்வாரத்தையும் முன் அறையையும் வைத்துக்கொள்கிறோம், அதன் பின்னால் முற்றத்தின் ஒரு பகுதியில் இரண்டு மாடி எழுப்புகிறோம், சமையலறையைத் தொட மாட்டோம் என்று கேளுங்கள். அமைப்பின் ஆட்களை இடத்துக்கே வரச் சொல்லி எழுதுங்கள். வரும்போது பெரியவர்களை அங்கே உட்கார வையுங்கள், அவர்கள் வாயால் கேட்கட்டும்.

---

உம்கும்பான் எழுதியது:

உன் அத்தையைப் பேசச் சொல் பிள்ளை. ஆண்கள் பேசினால் கடையைப் பற்றித்தான் பேசுவோம்.

---

கரும்புக்கரை எழுதியது:

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இழையைத் தேடிப் பிடித்தேன். உதவிய எல்லோருக்கும் முடிவைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு பேர் நேரில் வந்தார்கள். உம்கும்பான் தாத்தா சொன்னபடி அத்தைதான் பேசினாள். முதலில் வெட்கப்பட்டாள், அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. வந்தவர்களில் ஒரு பெண், ஜூலுக்காரர், மாடத்தைத் தொட்டுப் பார்த்து "இது எதற்கு?" என்றார். அத்தை விளக்கைக் கொண்டு வந்து வைத்தே காட்டினாள். தன் பாட்டி வீட்டில் முன்னோருக்கென்று ஓர் இடம் உண்டு, குடிசையின் பின்பக்கம், அங்கே சிறு பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று அவர் சொன்னார். இருவரும் அரை மணி நேரம் அங்கேயே நின்று பேசினார்கள். தளத்தை அளக்க வந்த மற்றவர் முற்றத்தில் பெரியப்பாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பெர்மிட் ஏழு மாதம் கழித்து வந்தது. முகப்பு, தாழ்வாரம், முன் அறை, சமையலறை நிற்க வேண்டும். இடையில் இருந்த கிடங்கையும் தகர வீட்டின் பாதியையும் எடுக்கலாம். எடுப்பதற்கு முன்னால் அளந்து படம் எடுத்துப் பதிவு கொடுக்க வேண்டும். புதுக் கட்டடம் முகப்பின் உச்சியைத் தாண்டித் தெருவிலிருந்து தெரியக் கூடாது, அதாவது இரண்டு மாடிக்கு மேல் இல்லை. அனுமதி இல்லாமல் கழற்றிய தகடுகளைப் பழையபடி போடச் சொன்னார்கள். செங்கல் அண்ணா, எண் எழுதி அடுக்கியது உதவியது. ஒன்றுகூடத் தொலையவில்லை. வழக்கு எதுவும் போடவில்லை எங்கள் மேல்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று பொய் சொல்ல மாட்டேன். நான்கு மாடிக் கணக்கில் பங்கு எதிர்பார்த்த சின்னச் சித்தப்பா இன்னும் அப்பாவிடம் சரியாகப் பேசுவதில்லை. மேல்முறையீடு போகலாம் என்றார். கேப் தமிழன் எழுதிய டேவன்போர்ட் சாலைத் தீர்ப்பைக் காட்டினேன், வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். வங்கிக் கடன் வாங்கித்தான் கட்டுகிறோம். பெரியப்பா மழைக்காலத்தில் காலமானார். தகடு திரும்ப ஏறியதை அவர் பார்த்தார்.

ஒரே ஒரு உதவி இன்னும் வேண்டும். புது மதிப்புப் பட்டியல் வந்திருக்கிறது, எங்கள் மனைக்குப் பழைய கணக்கிலேயே நான்கு மாடி மதிப்புப் போட்டிருக்கிறார்கள். ஆட்சேபத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. கரையோரம் நல்ல மதிப்பீட்டாளர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

---

வழக்குக்கட்டு எழுதியது:

இரண்டு பேரின் விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் தம்பி. பெர்மிட்டின் நிபந்தனைப் பக்கத்தை முழுதாக நகல் எடுத்து ஆட்சேப மனுவோடு கொடுங்கள், சுருக்கி எழுத வேண்டாம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொல்வதை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள்.

---

மரிட்ஸ்பர்க் மங்கை எழுதியது:

பெரியப்பாவுக்கு என் அஞ்சலி. தம்பி, இடிப்பதற்கு முன் எடுத்த அளவுப் படங்களில் அந்தக் கதவு நிலை இருக்கிறதா? இல்லையென்றால் எடுத்து வையுங்கள். அத்தையின் கோடு தெளிவாக விழுகிற மாதிரி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.